கடலில்லாத நாட்டில் விழுந்த கடற்படையினர்

2011 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை இருளில், ஆப்கானிஸ்தானின் வர்தக் மாகாணத்திலுள்ள தங்கி பள்ளத்தாக்கில் அமெரிக்கத் தரைப்படையின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று, தோளில் வைத்து ஏவப்பட்ட ராக்கெட் குண்டு பட்டு விழுந்தது. அதிலிருந்த 38 பேரும் இறந்தனர். அமெரிக்கர் 30 பேர், ஆப்கன் படைவீரர் 7 பேர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர். இருபது ஆண்டுகள் நீடித்த அந்தப் போரில் அமெரிக்கா ஒரே நிகழ்வில் இழந்த மிக அதிகமான உயிர்கள் அவை. அந்த 30 அமெரிக்கரில் 22 பேர் கடற்படையினர். ஆப்கானிஸ்தானுக்குக் கடற்கரை கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அரபிக்கடலை எட்ட ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் போகவேண்டும்.

கடற்படையினர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று அன்று பலரும் கேட்டார்கள். அவர்கள் சீல் என்னும் சிறப்புப் படையினரும் அப்படைக்குத் துணை நின்றவர்களும் என்பது அதற்குக் கிடைத்த விடை. அந்த ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை அது சரியான விடைதான். ஆனால் இராக்கின் ராமதியில் எறிகணை விழுந்து இறந்த கட்டுமானப் பணியாளருக்கும், பாக்தாத் முகாமில் படைவீரர்களின் மனநலம் பேணச் சென்று சுடப்பட்ட அதிகாரிக்கும், காபூல் விமான நிலைய வாயிலில் இறந்த மருத்துவப் பணியாளருக்கும் அந்த விடை பொருந்தாது. இவர்கள் எல்லோரும் கடற்படையினரே. கடற்படையினர் அந்நிய நாட்டுத் தரைப்போருக்குச் செல்லும் வழிகள் பல. ஒருவர் எந்த வழியில் சென்றார் என்பதைப் பொறுத்தே அவருக்குக் கிடைத்த பயிற்சி, அவர் பக்கத்தில் நின்ற துணை, இறந்தபின் அவரை நினைப்பவர்கள் எல்லாம் அமைகின்றன. அந்த வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வழி பீரங்கியின் வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் தரைப்படையிடம் இருந்தவற்றைவிடக் கனமான பீரங்கிகள் கப்பல்களில் இருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் கப்பல்களில்தான் இருந்தார்கள். 1857இல் சீனாவுக்குப் போகவேண்டிய ஷானன் என்ற போர்க்கப்பல் கொல்கத்தாவுக்குத் திருப்பப்பட்டது. அதன் தலைவர் வில்லியம் பீல் தம் மாலுமிகளோடு பீரங்கிகளைக் கங்கை வழியாக மேலேற்றி லக்னோவரை கொண்டுபோனார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் கான்பூரில் பெரியம்மையால் இறந்தார். 1899இல் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகரம் முற்றுகைக்கு உள்ளாகும் தறுவாயில், பவர்ஃபுல் என்ற கப்பலின் மாலுமிகள் பீரங்கிகளோடு ரயிலேறி உள்ளே போய்ச் சேர்ந்தார்கள். கடலில் பயன்பட்ட பீரங்கியைத் தரையில் உருட்டிச் செல்வதற்கான வண்டிகளை வடிவமைத்தவர் பெர்சி ஸ்காட் என்ற கப்பல் தலைவர். நான்கு மாத முற்றுகையில் குண்டுக்குத் தப்பியவர்களையும் குடற்காய்ச்சல் கொண்டுபோனது. இப்படிச் சென்றவர்கள் ஒரே கப்பலிலிருந்து, தங்கள் அதிகாரிகளோடும் தங்கள் கருவிகளோடும் சேர்ந்து இறங்கியவர்கள். கரையில் நின்றபோதும் அவர்களுக்குக் கப்பல் இருந்தது. பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

1914இல் நடந்தது வேறு. முதல் உலகப் போர் தொடங்கியபோது தேவைப்படும்போது அழைக்கப்படும் பிரிட்டிஷ் கடற்படையின் ரிசர்வ் ஆட்களில் 20,000 முதல் 30,000 பேர்வரை கப்பலில் இடமில்லாமல் மிஞ்சினார்கள். கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில், அவர்களைக் கொண்டு தரையில் போரிடும் பிரிவு ஒன்றை அமைக்க ஆகஸ்ட் நடுவில் முடிவெடுத்தார். ராயல் நேவல் டிவிஷன் பிறந்தது அப்படித்தான். அதன் படையணிகளுக்குப் புகழ்பெற்ற கடற்படைத் தலைவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன: டிரேக், ஹாக், நெல்சன், காலிங்வுட், ஹூட், ஆன்சன், ஹோவ், பென்போ. போதாத இடத்தை நிரப்ப, இங்கிலாந்தின் வடபுலத்துச் சுரங்கத் தொழிலாளர் பலர் தரைப்படையிலிருந்து இதற்கு மாற்றப்பட்டார்கள். கப்பலில் பணிபுரியச் சேர்ந்தவர்கள் பதுங்குகுழிக்குப் போனார்கள்; தரைப்படையில் சேரவந்த சுரங்கத் தொழிலாளர் மாலுமி என்ற பதவிப்பெயரோடு அவர்கள் பக்கத்தில் நின்றார்கள். ஆட்கணக்கைச் சரிசெய்யும் அலுவலக முடிவு ஒன்று ஆயிரக்கணக்கானவர்களின் சாவிடத்தை மாற்றியது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1914 அக்டோபர் தொடக்கத்தில், ஜெர்மன் முற்றுகையில் வீழவிருந்த பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். பலர் இன்னும் கடற்படையின் நீலச் சீருடையிலேயே இருந்தார்கள். துப்பாக்கி கைக்கு வந்து சில நாள்களே ஆகியிருந்தன. தண்ணீர்க்குப்பியும் தோட்டாப் பையும் இல்லாதவர்கள் தோட்டாக்களைச் சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டார்கள். நகரம் 10ஆம் தேதி வீழ்ந்தது. பின்வாங்கும் ஆணை ஒரு பிரிகேடின் பெரும்பகுதிக்கு நேரத்தில் போய்ச்சேராததால், ஏறத்தாழ 1,500 பேர் எல்லை தாண்டி நடுநிலை நாடான நெதர்லாந்துக்குள் புகுந்து, போர் முடியும்வரை குரோனிங்கன் நகரில் தடுத்து வைக்கப்பட்டார்கள். தாங்கள் அடைபட்டிருந்த மரக்கொட்டகை முகாமுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘எச்.எம்.எஸ். டிம்பர்டவுன்’. மாட்சிமை தாங்கிய மன்னரின் கப்பல் என்ற முன்னொட்டை ஒரு சிறைமுகாமுக்குச் சூட்டியதை விளையாட்டு என்று மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. கடலைக் காணாமல் முடங்கிய மனிதர்கள், தாங்கள் இன்னும் ஒரு கப்பலின் மாலுமிகளே என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டதாகவே அதைப் படிக்கிறேன்.

அடுத்து 1915இல் துருக்கியின் கலிப்போலி. ஜூன் 4ஆம் தேதி நடந்த மூன்றாம் கிரித்தியா சண்டையில், வந்து சில நாள்களே ஆகியிருந்த காலிங்வுட் படையணி தாக்குதலுக்கு ஏவப்பட்டது. வலப்புறத்தில் பிரெஞ்சுப் படை பின்வாங்கியதால் பக்கவாட்டிலிருந்து வந்த துருக்கியத் துப்பாக்கிச் சூட்டில் அந்தப் படையணி கிட்டத்தட்ட முழுவதும் அழிந்தது. அது மீண்டும் உருவாக்கப்படவே இல்லை. எஞ்சியவர்கள் பிற படையணிகளுக்குப் பிரித்துத் தரப்பட்டார்கள். கவிஞர் ரூபர்ட் புரூக் ஹூட் படையணியின் கடற்படை அதிகாரியாகப் புறப்பட்டவர். கலிப்போலியில் படைகள் இறங்குவதற்கு இரு நாள் முன்பு, ஏப்ரல் 23 அன்று, நச்சுக்குருதி நோயால் இறந்து கிரேக்கத் தீவான ஸ்கைரோசில் அடக்கம் செய்யப்பட்டார். புரூக்கின் பெயரை உலகம் அறியும். காலிங்வுட் படையணியின் சுரங்கத் தொழிலாளரை அப்படி அறியாது.

1916இல் இந்தப் பிரிவு கடற்படையிடமிருந்து தரைப்படை நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டு, 63ஆவது டிவிஷன் என்ற எண்ணோடு பிரான்சுக்கு அனுப்பப்பட்டது. அங்கே எழுந்த பூசல் மேலோட்டமாகப் பார்த்தால் சிறியது. மாலுமிகள் தாடி வளர்த்தார்கள். விடுமுறையில் போவதைக் ‘கரைக்குப் போவது’ என்றார்கள். மன்னரின் நலம் வேண்டி மது அருந்தும்போது கடற்படை மரபுப்படி உட்கார்ந்தே அருந்தினார்கள். பதவிப்பெயர்கள் எல்லாம் கப்பலுக்குரியவை. முகாமில் வெண்கொடி என்னும் கடற்படைக் கொடி பறந்தது. அக்டோபரில் தலைமை ஏற்ற தரைப்படைத் தளபதி கேமரன் ஷூட் இவற்றை ஒழுங்கின்மை என்று கருதினார். இவற்றை ஒழிக்கவும் முயன்றார். ஒரு தளபதியின் பார்வையில் அது நியாயமான கவலையாக இருந்திருக்கலாம்: சீரான படை சீரான வழக்கங்களைக் கோருகிறது. ஆனால் பதுங்குகுழிச் சேற்றில் நிற்கும் மாலுமிக்கு அந்த வழக்கங்களைத் தவிரக் கப்பல் வேறு எங்கே இருந்தது? தாடியும் கொடியும் அவனைப் பக்கத்தில் நிற்பவனோடு கட்டிவைத்த கயிறுகள். அதே ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி ஆங்க்ர் ஆற்றோரம் அந்தப் பிரிவு தாக்கியபோது இழப்பு ஆயிரக்கணக்கில் இருந்தது. ஆனாலும் பொக்கூர் என்ற ஊரை அது பிடித்தது. பலமுறை காயம்பட்டும் முன்னேறி அந்த ஊரைப் பிடித்ததற்காகப் பெர்னார்ட் ஃபிரைபெர்க் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார்.

அந்தச் சண்டைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நெல்சன் படையணியின் எட்வின் டயட் என்ற 21 வயது அதிகாரி, தரைப்போருக்குத் தாம் ஏற்றவரல்லர் என்று உணர்ந்து, கடற்பணிக்கே தம்மை மாற்றிவிடும்படி முன்பே கேட்டிருந்தார். மாற்றம் கிடைக்கவில்லை. தாக்குதல் நாளன்று முன்னணிக்குப் போகும்படி அனுப்பப்பட்டவர் அங்கே போய்ச்சேரவில்லை. இராணுவ நீதிமன்றம் அவரைப் படையைவிட்டு ஓடியவர் என்று தீர்ப்பளித்தது. 1917 ஜனவரி 5 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் போரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் மூவரே. அவர் அவர்களில் ஒருவர். 2006இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், இப்படித் தண்டிக்கப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அவருக்கும் மன்னிப்பு வழங்கியது. கப்பலுக்குப் போக விரும்பிய கடற்படை அதிகாரி, கப்பலுக்கு அனுப்பப்படாமல், தரைப்படைச் சட்டத்தின்கீழ்த் தரைப்படைக்குரிய சாவைச் செத்தார். கடற்படையினரைத் தரைக்கு அனுப்பும் முடிவின் முழு விலையைப் பேசுவோர் இந்தப் பெயரைத் தாண்டிப் போகக்கூடாது.

கப்பல்கள் மூழ்கிவிட்டதால் தரைக்குத் தள்ளப்படும் வழியும் உண்டு. 1945 பிப்ரவரியில் பிலிப்பைன்சின் தலைநகரான மணிலாவில் ஜப்பானியக் கடற்படையினர் ஆயிரக்கணக்கில் நின்று போரிட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சஞ்சி இவாபுச்சி, 1942இல் பசிபிக் தீவான குவாடல்கனாலில் தம் போர்க்கப்பலான கிரிஷிமாவை இழந்தவர். ஜப்பானியத் தரைப்படைத் தளபதி யமாஷிதா நகரத்தைக் கைவிட்டு மலைகளுக்குப் போக நினைத்தார். கடற்படையினரோ நகரத்திலேயே தங்கினார்கள். ஒரு மாதச் சண்டையில் அவர்களில் பெரும்பாலோர் செத்தார்கள். நகரத்து மக்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் அந்தக் கடற்படையினராலேயே திட்டமிட்டுக் கொல்லப்பட்டவர்கள், மற்றவர்களில் பலர் அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகளுக்குப் பலியானவர்கள். தரையில் இறந்த கடற்படையினரைப் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும், அவர்கள் நின்ற மண் யாருடையது என்பதை மறந்து எழுதப்படலாகாது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். கப்பலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் அந்த நாட்டின் மரைன் படைக்குச் சொந்த மருத்துவத் துறை கிடையாது. மருத்துவர், பல் மருத்துவர், முதலுதவிப் பணியாளர், சமயக் குருமார் எல்லோரும் கடற்படையிலிருந்தே மரைன்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். ஆகவே மரைன்கள் எங்கெல்லாம் தரையில் போரிடுகிறார்களோ அங்கெல்லாம் கடற்படையினரும் இறக்கிறார்கள். 1918 ஜூன் 6 அன்று பிரான்சின் பெல்லோ காட்டுச் சண்டையில் காயம்பட்ட அதிகாரி ஒருவரைத் தூக்கிச் சென்றபோது கொல்லப்பட்ட வீடன் ஆஸ்போர்ன் கடற்படையின் பல் மருத்துவர். 1967 செப்டம்பரில் வியட்நாமின் க்வே சோன் பள்ளத்தாக்கில், விழுந்து கிடந்தவர்களிடையே ஊர்ந்து போய்ச் சாகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது சுடப்பட்ட வின்சென்ட் கபோடானோ கடற்படையின் கத்தோலிக்கக் குரு. இருவருக்கும் இறந்தபின் நாட்டின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்பட்டது.

இவர்களில் பெருந்தொகையினர் கார்ப்ஸ்மேன் எனப்படும் முதலுதவிப் பணியாளர்கள். 1898 ஜூன் 17 அன்று அமெரிக்க நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட அவர்களுடைய பிரிவிலிருந்து இதுவரை 22 பேர் மெடல் ஆஃப் ஆனர் பெற்றிருக்கிறார்கள். கடற்படையின் வேறு எந்தத் தொழிற்பிரிவும் இவ்வளவு பெறவில்லை. வியட்நாமில் மட்டும் 600க்கும் மேற்பட்ட கார்ப்ஸ்மேன்கள் இறந்தார்கள். காரணம் வேலையின் தன்மையிலேயே இருக்கிறது. சுடும்போது எல்லோரும் தரையோடு படுக்கிறார்கள். அடிபட்டவன் கூப்பிட்டால் எழுந்து ஓடவேண்டியவர் இவர். போர்ச் சட்டங்கள் மருத்துவப் பணியாளரைச் சுடக்கூடாது என்கின்றன. தம்மையும் தம் நோயாளியையும் காக்க அவர் ஆயுதம் வைத்திருக்கலாம் என்றும் ஒப்புகின்றன. ஆனால் பசிபிக் தீவுச் சண்டைகளில் செஞ்சிலுவைக் கைப்பட்டையே குறிபார்க்கும் அடையாளமாகிவிட்டதால் அதைக் கழற்றிவிட்டார்கள். 1945 மே 2 அன்று ஒகினாவாவில் 18 வயது ராபர்ட் புஷ், ஒரு கையில் காயம்பட்டவருக்கு ஏற்றிக்கொண்டிருந்த பிளாஸ்மா புட்டியை உயர்த்திப் பிடித்தபடி மறுகையால் சுட்டார்; ஒரு கண்ணை இழந்து உயிர் பிழைத்தார்.

மரைன்கள் தங்கள் கார்ப்ஸ்மேனை ‘டாக்’ என்று அழைக்கிறார்கள். அவர் அணிவது மரைன் சீருடை. மார்பிலுள்ள பட்டையில் மட்டும் கடற்படை என்று எழுதியிருக்கும். மருத்துவப் பயிற்சி முடிந்ததும் மரைன்களோடு களத்தில் இருப்பதற்கான தனிப்பயிற்சியும் அவருக்கு உண்டு. பிறகு மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், அதே ஆட்களோடு நடந்து, அவர்களுடைய கால் கொப்புளத்துக்கு மருந்திட்டு, அவர்கள் வீட்டுக் கதைகளைக் கேட்டு வாழ்கிறார். கடல் இல்லாமற்போனாலும் அவருக்குக் கூட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலையத்தின் ஆபி வாயிலில் தற்கொலைக் குண்டு வெடித்தபோது இறந்த 13 அமெரிக்கப் படையினரில் 11 பேர் மரைன்கள், ஒருவர் தரைப்படைவீரர், ஒருவர் கடற்படை கார்ப்ஸ்மேன். வெளியேறத் துடித்து நின்ற ஆப்கன் மக்கள் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மரைன்கள் நின்ற வாயிலில் அவர்களுடைய டாக்கும் நின்றார். நூறாண்டுப் பழக்கம் அது.

சீபீ எனப்படும் கட்டுமானப் படையணிகளின் பிறப்புக்குச் சட்டமே காரணம். 1941 டிசம்பரில் பசிபிக்கின் வேக் தீவை ஜப்பான் தாக்கியபோது, அங்கே தளம் கட்டிக்கொண்டிருந்த 1,100க்கும் மேற்பட்ட அமெரிக்கத் தொழிலாளர்கள் சிக்கினார்கள். சீருடையில்லாத அவர்கள் துப்பாக்கி எடுத்தால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பை இழப்பார்கள். அங்கே நிறுத்திவைக்கப்பட்டிருந்த 98 பேரை 1943 அக்டோபரில் ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். கட்டவும் வேண்டும், தற்காத்துப் போரிடவும் வேண்டும் என்றால் கட்டுபவர் படையினராக இருக்கவேண்டும் என்று வாதிட்டுக் கடற்படை அதிகாரி பென் மொரீல் 1942 தொடக்கத்தில் இந்தப் படையணிகளை உருவாக்கினார். தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நடுவயதை நெருங்கிய தச்சரும் கொத்தரும் இயந்திரத் தொழிலாளரும். 1965 ஜூனில் வியட்நாமின் டோங் சோய் முகாமைக் காத்து இறந்த மார்வின் ஷீல்ட்ஸ், மெடல் ஆஃப் ஆனர் பெற்ற ஒரே சீபீ. இராக்கில் 2004 ஏப்ரல் 30இலும் மே 2இலும் அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களில், ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஒரு ரிசர்வ் படையணி ஏழு பேரை இழந்தது. அவர்களில் ஐவர் ராமதி முகாமுக்குள்ளேயே விழுந்த எறிகணையால் இறந்தவர்கள். ரிசர்வ் என்பதால் ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்து அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் தங்கள் படையணியோடு சேர்ந்தே போனவர்கள்.

சீல் படையைப் பற்றி உலகம் நிறையவே அறியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் வேர், இரண்டாம் உலகப் போரில் படைகள் இறங்கும் கடற்கரைகளின் தடைகளைத் தகர்த்த கடற்படைக் குழுக்களில் இருக்கிறது. நார்மண்டியின் ஒமாஹா கரையில் அப்படிப்பட்ட 175 பேரில் 31 பேர் இறந்தார்கள், 60 பேர் காயமடைந்தார்கள். 1962இல் சீல் அணிகள் அமைக்கப்பட்டபோது கடல், வான், தரை மூன்றும் அவற்றின் பெயருக்குள்ளேயே வைக்கப்பட்டன. 2001க்குப் பின் தரை என்ற பகுதியே மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானின் குனார் மலைகளில் இறந்த 19 பேரில் 11 பேர் சீல்கள். அங்கே முதலில் சென்ற சீல் நால்வர் குழுவின் தலைவர் மைக்கேல் மர்ஃபி, மலைமடிப்பில் தொடர்பு கிடைக்காததால் உதவி கேட்பதற்காகத் திறந்த வெளிக்கு வந்து நின்று பேசியபோது சுடப்பட்டார். அவர் பெயரை இன்று ஒரு போர்க்கப்பல் தாங்குகிறது. 2006 செப்டம்பரில் ராமதியின் கூரையொன்றில் தோழர்களைக் காக்க எறிகுண்டின்மேல் விழுந்து இறந்த மைக்கேல் மன்சூர் பெயரிலும் ஒரு கப்பல் உண்டு. தரையில் இறந்தவர்களைக் கடற்படை இந்த வகையில் கடலுக்குத் திருப்பி அழைத்துக்கொள்கிறது.

கடைசி வழியைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்பட்டிருக்கிறது. அது 1914இன் கணக்கையே நினைவூட்டுகிறது. 2003க்குப் பின் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஒரே நேரத்தில் நடந்த இரு போர்களுக்கு அமெரிக்கத் தரைப்படையில் ஆள் போதவில்லை. 2007 ஏப்ரலில் களப்பணிக் காலத்தை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டுமளவுக்கு நெருக்கடி இருந்தது. கடற்படைக்கோ எதிர்த்துப் போரிடக் கடலில் எதிரி இல்லை. ஆகவே கடற்படை தன் ஆட்களைத் தரைப்படையின் காலியிடங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2005 முதல் 2007 வரை கடற்படைத் தலைவராயிருந்த மைக் மல்லன் இதைக் கடமையாகவே கருதினார். நாடு போரில் இருக்கும்போது கடற்படை ஒதுங்கி நிற்கமுடியாது என்பது அவர் நிலைப்பாடு. சில ஆண்டுகளுக்குள், அந்தப் போர்ப்பகுதியில் கப்பல்களில் இருந்த கடற்படையினரைவிடத் தரையில் இருந்தவர்கள் அதிகமானார்கள்.

இவர்களில் பலர் ‘இண்டிவிஜுவல் ஆக்மென்டி’ என்ற பெயரில் அனுப்பப்பட்டவர்கள். தனியாளாகப் பிரித்தெடுக்கப்பட்டு, அறியாத வேறொரு பிரிவில் சேர்க்கப்படுபவர் என்று பொருள். கப்பலின் இயந்திர அறையிலிருந்து ஒருவர், கணக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர், விமானப் பிரிவிலிருந்து ஒருவர் என்று அழைக்கப்பட்டார்கள். தெற்கு கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சனில் தரைப்படைப் பயிற்றுநர்கள் அவர்களுக்குச் சுமார் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள்: துப்பாக்கி, வண்டித்தொடரில் செல்லும் முறை, கவிழ்ந்த வண்டியிலிருந்து வெளியேறுவது, முதலுதவி. பிறகு தரைப்படைச் சீருடையில், மார்பில் கடற்படைப் பட்டையோடு, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுவரை போர்முனை.

அவர்கள் செய்த வேலைகளில் சில உண்மையிலேயே கடற்படையிடம் மட்டுமே இருந்த திறமையைக் கேட்டன. சாலையோரக் குண்டுகளைக் கைப்பேசியாலும் ரிமோட்டாலும் வெடிக்கவைத்த காலத்தில், அந்தச் சமிக்ஞைகளை முடக்கும் கருவிகள் தரைப்படைக்கு அவசரமாகத் தேவைப்பட்டன. கருவி கிடைத்தபோது அதை முறையாக இயக்கத் தெரிந்த மின்னணுப் போர் அதிகாரிகள் தரைப்படையில் போதுமான அளவில் இல்லை. 2006இல் கடற்படை தன் மின்னணுப் போர் அதிகாரிகள் சில நூறு பேரை இராக்கிலிருந்த தரைப்படைப் பிரிவுகளுக்கு அனுப்பியது. கடலில் ஏவுகணைகளை ஏமாற்றக் கற்ற அறிவு சாலையில் உயிர்களைக் காத்தது. வெடிகுண்டு செயலிழக்கச் செய்யும் கடற்படை வல்லுநர்களின் பங்கும் அப்படிப்பட்டதே. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா நடத்திய 12 மாகாண மறுகட்டமைப்புக் குழுக்களில் ஆறுக்குக் கடற்படை அதிகாரிகள் தலைமை தாங்கினார்கள். நீர்மூழ்கியிலும் போர்க்கப்பலிலும் வளர்ந்தவர்கள் மலைக்கிராமப் பெரியவர்களோடு சாலையும் பள்ளியும் பற்றிப் பேசினார்கள். இதைத் திறமைக்கேற்ற வேலை என்று சொல்வது கடினம். தெற்கு இராக்கின் கேம்ப் பூக்கா முகாமில் ஆயிரக்கணக்கான கைதிகளைக் காவல் காத்த மாலுமிகளைப் பற்றி அப்படிச் சொல்லவே முடியாது. அங்கே தேவைப்பட்டது ஆள் மட்டுமே.

இப்படிச் சென்றவர்களின் சாவுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டாக நிகழ்ந்தன. 2009 மே மாதத்தில் பாக்தாதின் கேம்ப் லிபர்டியில், போர்க்கால மனநெருக்கடிக்குச் சிகிச்சை தரும் நிலையத்தில் அமெரிக்கத் தரைப்படைவீரர் ஒருவரே சுட்டதில் ஐவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர், பிற படையினரின் மனக்காயங்களைக் கவனிக்கச் சென்றிருந்த கடற்படை கமாண்டர். 2010 ஜூலையில் காபூலிலிருந்து வண்டியில் புறப்பட்ட இரு மாலுமிகள் லோகர் மாகாணத்தில் தாலிபான்களிடம் சிக்கிக் கொல்லப்பட்டார்கள். 2019 ஜனவரியில் சிரியாவின் மன்பிஜ் நகரில் தற்கொலைக் குண்டுக்குப் பலியான நான்கு அமெரிக்கர்களில் ஒருவர் கடற்படையின் சமிக்ஞை உளவுப் பிரிவைச் சேர்ந்த பெண். இந்தச் சாவுகள் எதுவும் ஒரு சண்டையின் பெயரோடு நினைவில் நிற்கவில்லை. ஒரு படையணி தன் இறந்தவர்களுக்காக ஆண்டுதோறும் கூடும். தனியாகச் சேர்ந்தவருக்கு, அவர் இறந்த இடத்தில் இருந்த பிரிவு வேறு, அவரை நெடுநாள் அறிந்த கப்பல் வேறு. குடும்பத்துக்கும் அதே பிளவு. தரைப்படை முகாம்களைச் சுற்றி, ஒரே பிரிவில் சென்றவர்களின் மனைவியரும் பெற்றோரும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் பழக்கம் உண்டு. துறைமுக நகரில் இருந்த மாலுமியின் மனைவிக்கு, பக்கத்து வீட்டுக் கணவர்கள் கடலில் இருந்தார்கள். தன் கணவர் போன இடத்தைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

உயிரோடு திரும்பியவர்களுக்கும் இது பொருந்தியது. தரைப்படைவீரர் தம் பிரிவோடு போய்த் தம் பிரிவோடு திரும்புகிறார். விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அதே சாலையில் அதே வெடியைக் கேட்டவர். மாலுமி தம் கப்பலுக்குத் திரும்பினால், அங்கே அவர் கண்டதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. பதுங்குகுழியில் தாடியையும் வெண்கொடியையும் விட்டுக்கொடுக்க மறுத்த 1916ஆம் ஆண்டு மாலுமிகளுக்குத் தெரிந்திருந்ததை, இந்த ஏற்பாட்டை அமைத்தவர்கள் பட்டுத்தான் கற்கவேண்டியிருந்தது: மாலுமியைக் கப்பலிலிருந்து பிரிக்கலாம், ஆனால் கப்பலுக்கு ஈடாக ஏதேனும் ஒன்றைக் கொடுத்தே அனுப்பவேண்டும்.

சில ஆண்டுகளுக்குப் பின் கடற்படை குவைத்தில் ‘வாரியர் டிரான்சிஷன் புரோகிராம்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. இராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் தனித்தனியாகத் திரும்பும் மாலுமிகளை வீட்டுக்கு அனுப்புமுன் சில நாள்கள் அங்கே நிறுத்தினார்கள். துப்பாக்கியையும் கவச உடையையும் ஒப்படைத்தார்கள், தூங்கினார்கள், சமயக் குருவோ மனநலப் பணியாளரோ நடுவில் இருக்க, வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் கைதிமுகாமிலிருந்து வந்தவர், ஒருவர் வண்டித்தொடரிலிருந்து, ஒருவர் மலைக்கிராமத்திலிருந்து. ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். ஆனால் எல்லோர் மார்பிலும் கடற்படைப் பட்டை இருந்தது. போருக்குப் போனபின் அப்படிப்பட்டவர்களை மட்டுமே சுற்றிலும் கண்டது அவர்களில் பலருக்கு அதுவே முதல்முறை. பிறகு விமானம் ஏறி, அமெரிக்காவின் வெவ்வேறு துறைமுகங்களுக்குப் பிரிந்து போனார்கள்.